இரண்டு பள்ளிக்கூடங்களும் நல்லவைதான்

மன்னிக்க வேண்டும் தம்பி, நான் ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நீங்கள் போனில் பேசினால் என் காது எங்கே போகும்? பட்டர்வொர்த்தில் பஸ் கிளம்பியதிலிருந்து பேசிக்கொண்டு வருகிறீர்கள். உங்கள் மனைவி மகனைத் தனியார் பள்ளியில் போடவேண்டும் என்கிறார். உங்கள் மாமனார் தஹ்ஃபீஸ் மத்ரசாவில் சேர்த்துக் குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிஸ் ஆக்கவேண்டும் என்கிறார். நீங்கள் இரண்டு பேரிடமும் சரி சரி என்கிறீர்கள். அந்த மத்ரசாவைப் பார்த்துவரத்தான் கோத்தா பாரு போகிறீர்கள். சரிதானே?

அப்படியானால் ஆண்டவன் உங்களைச் சரியான சீட்டில்தான் உட்காரவைத்திருக்கிறான். இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவர் இந்த பஸ்ஸில் கிடையாது, பினாங்கிலேயே கிடையாது. எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்றை அங்கே போட்டேன், ஒன்றை இங்கே போட்டேன். இரண்டு பள்ளிக்கூடத்துப் படியும் ஏறி இறங்கியவன் நான்.

என் பெயர் மீராசா. சூலியா தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். இப்போது இல்லை, கொடுத்துவிட்டேன். தனி ஆளுக்குக் கடை எதற்கு?

நானும் கோத்தா பாருதான். என் மகன் தமீம் அங்கே ஒரு பள்ளிவாசலில் தராவீஹ் தொழவைக்கிறான். ரமலான் மாதம் முழுக்க இரவு இரவாக நின்று குர்ஆனை முடிக்கிறான். அவன் ஓதுவதைக் கேட்கப் போகிறேன். வேறு வேலை எதுவும் இல்லை. கேட்டுவிட்டு நாளைக் காலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அவன் வீட்டில் தங்கவில்லை. நான் வருவதே அவனுக்குத் தெரியாது. பெற்ற மகன் ஓதுவதை முழுசாக ஒரு இரவு கேட்டதில்லை தம்பி, அதுதான் என் குறை. அவன் மாநிலம் முழுக்கப் பேர் வாங்கிவிட்டான். எங்கெங்கிருந்தோ கார் போட்டுக்கொண்டு வந்து கேட்கிறார்களாம். நான் கேட்டதில்லை.

தண்ணீர் குடிக்க நினைக்கிறீர்களா? குடியுங்கள். பயணத்தில் இருப்பவனுக்கு நோன்புக்குச் சலுகை உண்டு, பின்னால் பிடித்துக்கொள்ளலாம். நான் பிடித்திருக்கிறேன். டாக்டர் வேண்டாம் என்றார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். முதலில் தனியார் பள்ளி.

என் மகள் ரைஹானா மூத்தவள். அவளுக்கு ஆங்கிலம் நாக்கில் உருளும். கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களிடம் எட்டு வயதிலேயே பிரேம் விலை பேசுவாள். அவளைக் கோலாலம்பூர் பக்கம் ஒரு அனைத்துலகப் பள்ளியில், விடுதியோடு சேர்த்து, போட்டேன். என்ன பள்ளிக்கூடம் தெரியுமா? நீச்சல் குளம், பியானோ அறை, தொழுவதற்கு என்று தனியாகக் கம்பளம் விரித்த ஒரு அறை. ஆசிரியர்களைப் பிள்ளைகள் பேர் சொல்லிக் கூப்பிடலாம். தலைமையாசிரியை ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. சேர்க்கப் போன அன்றைக்கு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ரைஹானாவின் உயரத்துக்குக் குனிந்து, உனக்கு இங்கே சேர விருப்பமா என்று கேட்டார். இவள் யோசிக்காமல் இல்லை என்றாள். அந்த அம்மா சிரித்து, மனதில் பட்டதைச் சொல்லும் பிள்ளை, இங்கே நன்றாக வருவாள் என்றார். நானும் சிரித்தேன். அன்றைக்கே சேர்த்துவிட்டு வந்தேன்.

அடுத்து தஹ்ஃபீஸ். தமீம் எட்டாம் மாதமே பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிள்ளை. அப்போது நாங்கள் நேர்ந்துகொண்டோம், பிழைத்தால் இவனை ஹாஃபிஸ் ஆக்குகிறோம் என்று. நாங்கள் என்றால், நான்தான் நேர்ந்துகொண்டேன். ஜொகரா, அதாவது என் மனைவி, மயக்கத்தில் இருந்தாள். புருஷன் நேர்ந்தால் பெண்டாட்டிக்கும் சேர்த்துத்தானே.

பத்து வயதில் கோத்தா பாரு பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அக்கா அந்தப் பக்கம் போன அதே வருஷம் தம்பி இந்தப் பக்கம். பலகை வீடு மாதிரி நீளமான விடுதி. விடியலுக்கு முன் எழுப்பிவிடுவார்கள். சுற்றிலும் ரப்பர்த் தோட்டம், நடுவில் தேனீக்கூடு மாதிரி ஓதுகிற சத்தம். அங்கே ஓதிக்கொடுக்கிற உஸ்தாஸ் பிள்ளையிடம் விருப்பமா என்றெல்லாம் கேட்கவில்லை, ஓதச் சொன்னார். இவன் நடுங்கிக்கொண்டே அல்ஹம்து சூரா ஓதினான். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இந்தக் குரல் ஆண்டவன் ஒப்படைத்த அமானிதம், கவனமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று மலாயில் சொன்னார். பிறகு என்னிடம், தாய்க்குச் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றேன். தாய்மாருக்கு எப்போதுதான் சம்மதம் இருந்திருக்கிறது? அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு பிள்ளையும் படிக்காது.

ஜொகரா அதிகம் படிக்காதவள். நானும்தான், ஆனால் நான் பழைய பத்திரிகைகளைப் படித்துப் படித்து நாலு விஷயம் தெரிந்துகொண்டவன். அவளுக்கு உலகம் என்றால் எங்கள் வீடும் மார்க்கெட்டும். "எதுக்குங்க ஆளுக்கொரு திசை? மார்க்கெட்டுக்குப் பின்னாடியே ஸ்கூல் இருக்கு. ரெண்டும் அங்க படிக்கட்டும். சாயங்காலம் பள்ளிவாசல்ல ஓதட்டும். மத்தியானம் சோத்துக்கு வந்துட்டுப் போகட்டும்" என்றாள். சோறு. பிள்ளைகள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது அவள் சோற்றைப் பற்றிப் பேசினாள்.

நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். மூக்குக்கண்ணாடிக்காரன் பாருங்கள், அந்தக் கணக்கில்தான் சொன்னேன். கிட்டப் பார்வைக்கு ஒரு கண்ணாடி, தூரப் பார்வைக்கு ஒரு கண்ணாடி. ஒரு பிள்ளை துன்யாவுக்கு, ஒரு பிள்ளை ஆகிரத்துக்கு. மகள் இந்த உலகத்தில் நம்மைத் தலைநிமிரவைப்பாள். மகன் நாம் செத்தால் நம்முடைய மையித்துக்கு முன்னால் நின்று ஜனாஸா தொழவைப்பான், மறுமையில் ஹாஃபிஸின் தாய் தகப்பனுக்குக் கிரீடம் சூட்டுவார்கள். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன ஏற்பாடு வேண்டும்? சூலியா தெருவில் இதைக் கேட்டு வாய்பிளக்காதவர் இல்லை. மீராசா பாய் ரெண்டு உலகத்துக்கும் சீட்டுப் பிடிச்சுட்டார்ப்பா என்று கிண்டல்கூடச் செய்தார்கள். கிண்டல் இல்லை, பொறாமை.

ஜொகரா பிள்ளைகள் போன பிறகும் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தால் நாலு தட்டு எடுத்துவைப்பாள். எத்தனை தடவை சொல்லியும் பழக்கம் விடவில்லை. பிறகு இரண்டை எடுத்து அலமாரியில் வைப்பாள்.

யானை கடக்கும் இடம் என்று போர்டு பார்த்தீர்களா? இந்த ரோட்டில் எத்தனையோ தடவை போய்வந்துவிட்டேன், ஒரு யானையைக் கண்டதில்லை.

ஒன்று மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். லீவு. மத்ரசாவுக்கு லீவு பிறையைப் பார்த்துத்தான். ரமலான் கடைசியில் மூடினால் அடுத்த மாதம் ஷவ்வாலில் திறப்பார்கள். அந்தப் பள்ளிக்கோ ஜூலையும் டிசம்பரும். மத்ரசா இருக்கும் கிளந்தானில் வாரவிடுமுறைகூட வெள்ளிக்கிழமை, அங்கே ஞாயிற்றுக்கிழமை. ஒன்று வரும்போது மற்றது போயிருக்கும். இருந்த வருஷங்களில் ஒரே ஒரு தடவைதான் பெருநாள் அந்தப் பள்ளிக்கூட லீவுக்குள் வந்து விழுந்தது. இரண்டு பிள்ளைகளும் ஒன்றாக வீட்டில் இருந்தார்கள். ஜொகரா மூன்று நாள் தூங்கவில்லை, அடுப்படியிலேயே கிடந்தாள்.

வந்த பிள்ளைகள் பேசிக்கொண்டதைக் கேட்கவேண்டுமே. அவள் ஆங்கிலத்தில் ஆரம்பிக்கிறாள். அவன் கிளந்தான் மலாயில் பதில் சொல்கிறான், அந்த மலாய் பினாங்குக்காரனுக்கே பாதி புரியாது. இரண்டு பேருக்கும் தமிழ் இருந்தது, ஆனால் பத்து வயதுத் தமிழ். சோறு, தண்ணி, அடிப்பேன் அளவுக்குத்தான். ஏதோ சண்டை வந்தது, டிவி என்று நினைக்கிறேன். ஜொகரா நடுவில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா கோவமா சொல்லலைடா, உன் நல்லதுக்குச் சொல்றா" என்று அவனிடமும், "தம்பி உன்னய வையலைம்மா, அவன் பேச்சே அப்படி" என்று இவளிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலமும் தெரியாது, அந்த மலாயும் தெரியாது. எதை வைத்து மொழிபெயர்த்தாளோ. ஆனால் இரண்டும் சமாதானமாகிவிட்டன. நான் இன்னொரு அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். என் மகள் ஆங்கிலம், என் மகன் அரபி என்று மனசு குளிர்ந்துபோயிருந்தது.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. சண்டையெல்லாம் இல்லை. பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

ஜொகரா மவுத்தானது ஒரு செவ்வாய்க்கிழமை. சர்க்கரை இருந்தது, காலில் புண் இருந்தது, ஆனால் அன்றைக்கே போவாள் என்று யாரும் நினைக்கவில்லை. காலையில் தேநீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அந்த நாளைப் பாருங்கள் தம்பி, ஆண்டவனின் கணக்கைப் பாருங்கள். அன்றைக்குத்தான் தமீம் மத்ரசாவில் குர்ஆனின் முப்பது ஜுஸ்உவையும் ஒரே அமர்வில் ஓதிக் காட்டுகிறான். அதுதான் அவர்களுடைய கடைசிச் சோதனை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு உஸ்தாஸுக்கு முன்னால் உட்கார்ந்தால், தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழுந்து, முடிக்கிறவரைக்கும் ஓதவேண்டும். பாதியில் எழுந்து போனால் அந்த அமர்வு செல்லாது, வேறொரு நாள் முதலிலிருந்து. அதே வாரம் ரைஹானாவுக்குக் கடைசிப் பரீட்சை. அன்றைக்கு மத்தியானம் கணிதத் தாள்.

என் மச்சான், ஜொகராவின் அண்ணன், வந்தவுடனே பிள்ளைகளுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார். சாயங்காலம் மஃரிபுக்கு முன்னால் எடுத்தால் போதும், அதற்குள் வந்துவிடுவார்கள் என்றார். மையித்தைக் காக்கவைக்கக்கூடாது என்று அவருக்குத் தெரியாதா? நான் சொல்லவேண்டியிருந்தது.

அப்புறம் மத்ரசாவுக்குப் போன் செய்தேன். உஸ்தாஸிடம் விஷயத்தைச் சொன்னேன், பையனிடம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னேன். அவர் இன்னாலில்லாஹி சொன்னார். பின்னால் என் பையனின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. தூரத்தில், ஒரு நூல் மாதிரி. நான் கேட்டது அதுதான். அவ்வளவுதான் கேட்டேன்.

பிறகு அவர் சொன்னார். "நாளைக்கு முதல்லேர்ந்து ஓதட்டும். நானே உட்கார்ந்து கேக்குறேன். இப்ப என் வண்டியில கூட்டிட்டு வந்து விட்டுடுறேன். அவன் தாயை அவன் பாக்கட்டும்."

நான் விடவில்லை. தாய் போன நாளில் மகன் முப்பது ஜுஸ்உவும் ஓதி முடிக்கிறான், அதன் நன்மை முழுக்க அவளுக்குப் போய்ச்சேரும், எத்தனை தாய்க்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும், அதைப் பாதியில் நிறுத்தச் சொல்கிறீர்களே, நீங்கள் ஓதிக்கொடுக்கிறவர்தானா என்று கேட்டேன். தகப்பன் நீங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மத்ரசாக்காரர்களிடம் அந்த ஒரு குறை உண்டு தம்பி, மாமனாரிடம் சொல்லுங்கள். நம் குடும்ப விஷயத்தில் தலையிடுவார்கள்.

தனியார் பள்ளிக்கும் போன் செய்தேன், அவர்கள் அதற்கு மேல். அந்த ஆங்கிலேய அம்மா, தாள் போனால் போகிறது, ஆறு மாதத்தில் மறுபடி எழுதலாம், ஒரு ஆசிரியையோடு காரில் அனுப்பிவைக்கிறேன் என்று நிற்கிறார். நான் சொன்னேன், மேடம், பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு நானே வந்து சொல்லிக்கொள்கிறேன். என் பெயரைச் சொல்லி உங்களுக்கு இதில் உறுதியா என்று இரண்டு தடவை கேட்டார். அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் மனசு, உணர்ச்சி என்று ஒரு பேச்சு. பரீட்சையின் அருமை நமக்குத்தான் தெரியும்.

மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கிவிட்டோம். பள்ளிவாசல் இமாம் தொழவைத்தார். சொந்தக்காரர்கள், மச்சினன்மார் எல்லாம் இருந்தார்கள். நல்லபடியாக நடந்தது.

அடுத்த நாள் ராத்திரி ரைஹானா வழக்கம்போல வீட்டுக்குப் போன் செய்தாள். அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றாள். தூங்குகிறாள் என்றேன். இவ்வளவு சீக்கிரமாகவா என்றாள். அலுப்பாக இருக்கிறாள் என்றேன். எனக்கு மட்டும் அது லேசாக இருந்ததா, சொல்லுங்கள்? தகப்பன் என்றால் அப்படித்தான், எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளவேண்டும்.

வியாழக்கிழமை மத்ரசாவில் தலைப்பாகை கட்டும் விழா. நான் போனேன். வீட்டில் ஆட்கள் வந்துபோகிற நேரம், ஆனாலும் போனேன். அவனுக்காக யாராவது வரவேண்டாமா? மேடையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, உஸ்தாஸ் ஒவ்வொரு தலையிலும் வெள்ளைத் துணியைச் சுற்றினார். தமீம் மேடையிலிருந்து பெண்கள் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி வந்ததும் அம்மா எங்கே என்றான். வீட்டில் என்றேன். விழா நடக்கும் இடத்தில் வேறு என்ன சொல்வது?

அவனை அழைத்துக்கொண்டு இதே பஸ்ஸில்தான் வந்தேன், எதிர்த் திசையில். அதோ அந்த ஏரி தெரிகிறதே, அந்தப் பாலம் தாண்டிய பிறகு சொன்னேன். அம்மா செவ்வாய்க்கிழமையே போய்விட்டாள், நீ ஓதியது முழுக்க அவளுக்குத்தான் போய்ச்சேர்ந்தது, நீ அழக்கூடாது, நீ ஹாஃபிஸ் என்று சொன்னேன்.

அவன் அழவில்லை. தலைப்பாகையைக் கழற்றினான். மடித்து மடியில் வைத்துக்கொண்டான். செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான். சொன்னேன். உதட்டை அசைத்து எதையோ எண்ணிப் பார்த்தான். எந்த நேரத்தில் எந்த இடத்தை ஓதிக்கொண்டிருந்தோம் என்று பார்த்திருப்பான் போல. பதினாலு வயதுப் பிள்ளை. எனக்குப் பெருமையாக இருந்தது தம்பி. இதுதான் தஹ்ஃபீஸ் கொடுக்கும் ஸப்ரு, பொறுமை. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அது வராது. ரைஹானாவிடம் அவள் பரீட்சை முடித்து வந்த அன்று சொன்னபோது என்ன சத்தம் போட்டாள் தெரியுமா? தெருவே கூடிவிட்டது. என்னிடம் ஏன் ஏன் என்று கேட்டாள். ஆங்கிலத்தில்தான். அலமாரியிலிருந்த தட்டுகளை எடுத்துச் சுவரில் அடித்தாள். மனதில் பட்டதைச் சொல்லும் பிள்ளை என்று அந்த அம்மா சொன்னது சரியாகப் போயிற்று.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு எல்லோரும் வந்தார்கள். ஹாஃபிஸ் மகன் இருக்கும்போது வேறு யார் ஓதுவது? யாசீன் ஓதுப்பா என்றார்கள். அவன் எழுந்து, தொண்டை சரியில்லை என்றான். லெப்பைதான் ஓதினார். அதற்குப் பிறகு எத்தனையோ பெருநாள், எத்தனையோ ஃபாத்திஹா. நான் இருக்கும் இடத்தில் அவனுக்குத் தொண்டை சரியாக இருந்ததே இல்லை. அந்த விடுதியில் குளிர்ந்த தரையில் படுக்கவைக்கிறார்கள் இல்லையா, அதனால்தான். போய்ப் பார்க்கும்போது தரையைத் தொட்டுப் பாருங்கள்.

ஆனால் குறை சொல்லமாட்டேன். இரண்டு பள்ளிக்கூடங்களும் நல்லவைதான். ரைஹானா மெல்பர்னில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள். அங்கே மழையா, இங்கே வெயில் என்பாள். இங்கே வெயில், அங்கே மழையா என்பேன். தமீம் கெய்ரோ வரைக்கும் போய் ஓதிவிட்டு வந்து, அதே மத்ரசாவில் உஸ்தாஸாக இருக்கிறான். என்னை அத்தா என்பதில்லை, அபா என்கிறான், அங்கே அதுதான் பழக்கம். பெருநாளைக்கு மறுநாள் வந்து கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போவான். மரியாதையில் ஒரு குறை சொல்லமுடியாது.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள். ரைஹானாவுக்கு ஒரு மகள். அந்த ஊரில் எவ்வளவு பெரிய தனியார் பள்ளிகள் இருக்கின்றன. இவள் எங்கே போட்டிருக்கிறாள் தெரியுமா, தெருமுனையில் இருக்கும் அரசாங்கப் பள்ளியில். நடந்தே போய்வரலாம் அத்தா என்கிறாள். சரி, அவள் அப்படி என்றால், ஹாஃபிஸ் தமீம், நூறு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற உஸ்தாஸ், தன் இரண்டு மகன்களையும் மத்ரசாவில் சேர்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு சாதாரண ஆரம்பப் பள்ளி. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறார்கள். சாயங்காலம் அவன் வீட்டிலேயே ஓதிக்கொடுக்கிறான். ஏன்டா இப்படி என்று கேட்டேன். சின்னப் பிள்ளைங்க அபா என்றான். அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதே இல்லை, ஆனால் இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டுப் படிக்கவைத்தும் படிப்பின் அருமை தெரியவில்லையே.

போன வருஷமும் இப்படித்தான் வந்தேன். சொல்லாமல்தான். கடைசி வரிசையில் போய் நின்றேன். அவன் ஆரம்பித்தான். என்ன சொல்வேன் தம்பி. போனில் நூல் மாதிரிக் கேட்டேன் என்றேனே, அது இல்லை, ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஜொகரா தாலாட்டும்போது ஒரு இழுப்பு இழுப்பாள், அது அவன் குரலில் இருக்கிறது. குர்ஆனில்தான், ஆனால் இருக்கிறது. எப்படி வந்ததோ.

இருபது ரக்அத்தில் எட்டு முடிந்தது. உங்களுக்குத் தெரியுமே, எட்டு முடிந்ததும் பாதி ஜனம் எழுந்து போய்விடும். காலையில் வேலைக்குப் போகிறவர்கள், என்ன செய்வது. முன்னால் நின்ற வரிசையெல்லாம் கலைந்துவிட்டது. அவன் ஸலாம் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஆளே இல்லை, வெறும் கம்பளம். பார்த்துவிட்டான்.

அடுத்த ரக்அத்துக்கு வேறு ஒரு பையனைக் கையைக் காட்டி முன்னால் நிற்கச் சொன்னான். தமீம் பின்வரிசைக்கு வந்துவிட்டான். மீதிப் பன்னிரண்டையும் அந்தப் பையன்தான் தொழவைத்தான். அவனும் நன்றாகத்தான் ஓதினான். முடிந்ததும் தமீம் வந்து கையைப் பிடித்து, "எப்ப வந்தீங்க அபா, சாப்பிட்டீங்களா" என்றான். வீட்டுக்கு அழைத்துப்போனான். மருமகள் சுடச்சுடச் சோறு போட்டாள். பேரன்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். ஏன்டா மாறிக்கொண்டாய் என்று கேட்டேன். தொண்டை என்றான்.

எனக்குத் தெரியும் தம்பி, நான் நின்றால் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. சில பேருக்குச் சில ஆட்கள் முன்னால் அப்படி ஆகும். தகப்பன் என்ற பயம், மரியாதை. அதனால் இந்த வருஷம் அவன் கண்ணில் படாமல் நிற்கலாம் என்று பார்க்கிறேன்.

அடுத்த வருஷம் வரலாமே என்கிறீர்களா? வரலாம். ஆனால் பெருநாள் முடிந்த மறுவாரம் என் நெஞ்சைத் திறக்கிறார்கள். மூன்று இடத்தில் அடைப்பாம். டாக்டர் சீனர், நல்ல மனுஷன். இந்த வயதுக்குக் கொஞ்சம் ஆபத்துதான், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள், பேசவேண்டும் என்றார். அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

இல்லை, சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இவன் இருபத்தேழாம் இரவில் குர்ஆனை முடிக்கவேண்டும், இப்போது போய்ச் சொல்லி அவன் மனதைக் கலைக்கவா? அவளுக்கும் அடுத்த மாதம் ஏதோ பெரிய பரீட்சை. இந்த வயதிலும் அவர்களுக்குப் பரீட்சை, அந்த நாட்டில் அப்படித்தான். எல்லாம் முடியட்டும். நல்லபடியாக முடிந்த பிறகு நானே நிதானமாகச் சொல்லிக்கொள்வேன்.

என்ன தம்பி அப்படிப் பார்க்கிறீர்கள்?

அந்தப் போனை உள்ளே வையுங்கள். வேண்டாம். அவன் நம்பரை நான் தரமாட்டேன். உங்களிடம் சொன்னதே, நீங்கள் யாரோ என்பதால்தான். வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. மச்சான் இருந்தால் சொல்லியிருப்பேன், அவரும் போய்விட்டார். வீட்டில் பேசுவதற்குச் சுவர்தான். உங்களுக்கும் பிள்ளை இருக்கிறது, ஒரு நாள் உங்களுக்கே புரியும், எதை எப்போது சொல்வது என்று.

ஊர் வந்துவிட்டது. அதோ ஆறு. இன்னும் நோன்பு திறக்க நேரம் இருக்கிறது. உங்களுக்கு அந்த மத்ரசாவில் நாளைக்குத்தானே வேலை? ராத்திரி சும்மாதானே இருப்பீர்கள்?

பையை நான் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் ஒரு நிமிஷம் எழுந்து நில்லுங்கள். நேராக. அட, நல்ல உயரம். தோளும் அகலம். எனக்கு முன்வரிசையில், சரியாக எனக்கு நேரே நின்றால் போதும், என்னை முழுசாக மறைத்துவிடுவீர்கள். ஒன்றும் பேசவேண்டாம், அவன் யாரென்று கேட்டால் வெளியூர் என்று சொல்லுங்கள், அதுதானே உண்மை. ஒரே ஒரு உதவி மட்டும் தம்பி. இருபதும் நில்லுங்கள். எல்லோரையும்போல எட்டோடு எழுந்து போய்விடாதீர்கள்.